பக்கவாசல் வழியே நாடாளுமன்றம் போனவர்: அப்தியாஸ் தொ நாசிமெந்தோ பற்றிய விவாத இழை

வாய்க்கால்மேடு (இழையைத் தொடங்கியவர்):

நண்பர்களுக்கு வணக்கம். பிரேசில் என்றாலே நம் பேச்சு பெலேயில் தொடங்கிக் கால்பந்தோடு முடிந்துவிடுகிறது. அந்த நாட்டுக் கறுப்பின அரசியலில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அப்தியாஸ் தொ நாசிமெந்தோ. 1914இல் சாவோ பாவ்லோ மாநிலத்தின் ஃபிராங்கா என்ற ஊரில் பிறந்தவர். அப்பா செருப்புத் தைத்தார், அம்மா மிட்டாய் செய்து விற்றார். 2011இல் ரியோவில் 97 வயதில் இறந்தார். இடையில் நடிகர், நாடக இயக்குநர், ஓவியர், பேராசிரியர், கீழவை உறுப்பினர், செனட்டர் என்று எல்லாமாக இருந்தார்.

என் கேள்வி அவருடைய ஒரே ஒரு மசோதாவைப் பற்றியது. 1983, எண் 1332. அரசுப் பணிகளில் 20 விழுக்காடு கறுப்பின ஆண்களுக்கு, 20 விழுக்காடு கறுப்பினப் பெண்களுக்கு, மாணவர்களுக்கு உதவித்தொகை, பள்ளிப் பாடத்தில் ஆப்பிரிக்க வரலாறு. கொண்டுவந்தபோது அவருக்கு வயது 69. இராணுவ ஆட்சி இன்னும் முடியவில்லை. மசோதா சட்டமாகவில்லை.

பிறகு நடந்ததைப் பாருங்கள். பள்ளிகளில் ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-பிரேசிலிய வரலாறு கட்டாயம் என்ற சட்டம் 2003இல் வந்தது. மத்திய பல்கலைக்கழகங்களில் ஒதுக்கீடு 2012இல் வந்தது. மத்திய அரசுப் பணிகளில் 20 விழுக்காடு 2014இல் வந்து, 2025இல் 30 ஆனது. அவர் மசோதாவைத் துண்டு துண்டாக அறுத்து, வேறு வேறு கைகள் நிறைவேற்றியதைப்போல இருக்கிறது. அந்தக் கைகளில் ஒன்றுகூட அவருடையதில்லை.

இவரை வென்றவர் கணக்கில் எழுதுவதா, தோற்றவர் கணக்கில் எழுதுவதா?

அரைப்படி:

தோற்றவர் கணக்கில்தான். தலைப்பிலேயே பக்கவாசல் என்று எழுதிவிட்டு அதை விளக்காமல் விட்டுவிட்டீர்களே. நான் விளக்குகிறேன். பிரேசிலில் செனட்டருக்கு நிற்பவர் தம்மோடு இரண்டு மாற்று உறுப்பினர்களையும் சேர்த்தே நிற்கிறார். மாற்று உறுப்பினருக்கென்று தனி வாக்கு கிடையாது. தர்சி ரிபேரோ என்ற புகழ்பெற்ற மானிடவியலாளர் செனட்டராக வென்றார், அவருடைய மாற்று அப்தியாஸ். தர்சி மாநில அரசுப் பொறுப்புக்குப் போனபோது 1991இல் ஒரு முறை, தர்சி 1997இல் இறந்தபின் இன்னொரு முறை இவர் செனட்டில் அமர்ந்தார். 1983இல் கீழவைக்குப் போனதும் கட்சிப் பட்டியலின் மாற்று உறுப்பினராகத்தான். மூன்று தடவையும் வேறொருவர் எழுந்து போன நாற்காலி.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அமெரிக்காவைப்போலவோ தென்னாப்பிரிக்காவைப்போலவோ பிரேசிலில் இனப்பாகுபாடு சட்டமாக இருந்ததே இல்லை. கலந்து வாழ்ந்த நாடு. அங்கே எதற்கு இனவாரி ஒதுக்கீடு என்று கேட்பவர்களுக்கு என்ன பதில்?

சாவோபாவ்லோ_தமிழ்:

அரைப்படி அவர்களே, கலந்து வாழ்ந்த நாட்டில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். ஒரு காட்சி சொல்கிறேன்.

இங்கே பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் இரண்டு மின்தூக்கிகள் இருக்கும். ஒன்றின் மேல் ‘சோசியால்’ என்று எழுதியிருக்கும், அது குடியிருப்பவர்களுக்கும் விருந்தினர்களுக்கும். மற்றொன்று ‘செர்விசோ’, அது சாமான் ஏற்ற, குப்பை இறக்க, வேலைக்காரர்கள் போக. நான் வந்த புதிதில் கடையிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வந்தேன். வாயிற்காவலர் என் முகத்தைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார், இரண்டாவது கதவைக் காட்டினார். பைகளால்தான் அப்படிச் செய்தார் என்று அன்று நினைத்தேன். மறுவாரம் எதிர்வீட்டு வெள்ளைக்கார அம்மாள் அதைவிடப் பெரிய பைகளோடு முதல் கதவு வழியே போனார், அதே காவலர் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மின்தூக்கிக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய பலகை மாட்டியிருந்தது. இனம், பால், நிறம், பிறப்பிடம், சமூக நிலை என்று நீளமாக அடுக்கி, மின்தூக்கியில் ஏறுவதில் எவரையும் பாகுபடுத்தினால் அபராதம் என்று சொல்லும் பலகை. 1996ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டப்படி சாவோ பாவ்லோ நகரின் கட்டடங்களில் அதை மாட்டியாக வேண்டும். எனக்குப் போர்த்துகீசியம் அப்போது எழுத்துக்கூட்டித்தான் வரும். சேவை மின்தூக்கிக்காகக் காத்திருந்த நேரத்தில்தான் அந்தப் பலகையைப் படித்தேன்.

சட்டமே இல்லாத பாகுபாட்டுக்கு எதிராக எதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை அந்தக் கூடத்தில் நின்று பார்த்தால் புரியும்.

வாய்க்கால்மேடு:

சகோதரியின் பதிவுக்குப் பிறகு நான் சொல்ல அதிகமில்லை. ஆனாலும் சட்டமே இருந்ததில்லை என்பது உண்மையல்ல. ஏறத்தாழ 48 லட்சம் ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் இறக்கிய நாடு அது. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888 மே 13 அன்று அடிமை முறையை ஒழித்தது. விடுதலையானவர்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கொடுக்கவில்லை. இரண்டே ஆண்டில், 1890இல், ஆப்பிரிக்கர்களும் ஆசியர்களும் நாடாளுமன்ற அனுமதியின்றிக் குடியேறக் கூடாது என்று ஓர் ஆணை வந்தது. அதே காலத்தில் ஐரோப்பியர்களுக்கு அரசே கப்பல் கட்டணம் கொடுத்து அழைத்து வந்தது. நாட்டை வெளுப்பாக்குவது அன்றைய அறிவாளிகள் ஒளிவுமறைவில்லாமல் பேசிய கொள்கை.

வாக்குரிமை கதையும் உண்டு. எழுத்தறிவில்லாதவர் வாக்களிக்க முடியாது என்ற விதி 1985 வரை நீடித்தது. அதில் நிறம் என்ற சொல்லே கிடையாது. யாரை வெளியே நிறுத்தியது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கூத்துப்பட்டறை_ரசிகன்:

எழுத்தறிவு என்றதும் நான் நுழைகிறேன். அப்தியாஸின் அரசியலை நாடாளுமன்றத்தில் தேடினால் கிடைக்காது. அது நாடகக் கொட்டகையில் இருக்கிறது.

1941இல் சில கவிஞர் நண்பர்களோடு தென்னமெரிக்காவைச் சுற்றிக்கொண்டிருந்தவர், பெருவின் லிமா நகரில் அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீலின் ‘பேரரசர் ஜோன்ஸ்’ நாடகம் பார்த்தார். கறுப்பின நாயகனின் கதை. மேடையில் நாயகனாக வந்தவர் கரி பூசிய வெள்ளைக்காரர். எங்கள் நாட்டிலும் இதுதானே நடக்கிறது என்று அங்கேதான் உறைத்தது. ஊர் திரும்பியதும் பழைய இராணுவ வழக்கு ஒன்றில் பிடித்து கரான்திரு சிறையில் போட்டார்கள். உள்ளே சும்மா இருந்தாரா? கைதிகளைச் சேர்த்து ஒரு நாடகக் குழு தொடங்கினார்.

வெளியே வந்து 1944 அக்டோபரில் ரியோவில் கறுப்பினப் பரிசோதனை அரங்கத்தைத் தொடங்கினார். நடிக்க ஆள் கூப்பிட்டார். வந்தவர்கள் வீட்டு வேலைக்காரிகள், ஆலைத் தொழிலாளர்கள், ஃபவேலா குடிசைவாசிகள். பலருக்கு வசனத்தைப் படிக்கத் தெரியாது. ஆகவே முதலில் எழுத்தறிவு வகுப்பு நடந்தது. ஏறத்தாழ 600 பேர் சேர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். மாணவர் சங்கக் கட்டடத்தில் மாலை நேரத்தில், பகலெல்லாம் பாத்திரம் தேய்த்த கை பென்சில் பிடித்தது.

இப்போது வாய்க்கால்மேடு சொன்ன வாக்குரிமை விதியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வசனம் படிக்கக் கற்றுக்கொண்ட ஒவ்வொருவரும் வாக்காளர் பட்டியலில் சேரும் தகுதியையும் பெற்றுவிடுகிறார். நாடகம் என்ற பெயரில் அவர் வாக்காளர்களைத் தயாரித்திருக்கிறார்!

எந்த நாடகம் அவரை லிமாவில் சுட்டதோ அதையே முதல் நாடகமாக எடுத்தார். ஓநீல் உரிமைத்தொகை வாங்காமல் அனுமதி கொடுத்தார். 1945 மே 8, ரியோ நகராட்சி அரங்கம். நாயகனாக அகினால்டோ கமார்கோ. ஐரோப்பாவில் போர் முடிந்த அதே நாள்.

அரைப்படி:

நாடகக் கதை நன்றாகத்தான் இருக்கிறது. இருட்டடிப்பு செய்யும் பகுதியை நான் சொல்கிறேன். இளம் வயதில் அப்தியாஸ் பச்சைச் சட்டைக்காரர்களோடு இருந்தார். 1930களின் ஒருங்கிணைப்புவாதக் கட்சி, முசோலினியைப் பார்த்துச் சட்டை தைத்துக்கொண்ட கூட்டம். இன சமத்துவத் தலைவருக்கு அங்கே என்ன வேலை?

வாய்க்கால்மேடு:

நியாயமான கேள்வி, மறைக்கவில்லை, வரிசையில் வரவில்லை, அவ்வளவுதான். இருந்தார். அங்கேயும் இனவெறியைக் கண்டு விலகினார். அதே பத்தாண்டில் கறுப்பின முன்னணியிலும் பங்கெடுத்தார். 1931இல் சாவோ பாவ்லோவில் தொடங்கி, 1936இல் கட்சியாகவே பதிவான அமைப்பு அது. மறு ஆண்டு அதிபர் வர்காஸின் சர்வாதிகாரம் எல்லாக் கட்சிகளோடும் சேர்த்து அதையும் மூடியது. இருபது வயதில் சட்டை மாற்றிப் பார்க்காத அரசியல்வாதி யார்? அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு என்ன சட்டையில் நின்றார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். நீங்கள் ஏற்கமாட்டீர்கள் என்றும் தெரியும்.

அரைப்படி:

ஏற்கவில்லை. ஆனால் எழுத்தறிவு வகுப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. அதற்கு நன்றி.

கயல்:

ஆண்கள் எல்லோரும் சட்டையைப் பற்றிப் பேசி முடித்துவிட்டீர்கள் என்றால் நான் தொடங்குகிறேன்.

அப்தியாஸின் அரங்கம் 1940களின் பிற்பகுதியில் கறுப்பினப் பெண்களுக்கு அழகுப் போட்டி நடத்தியது. ஒன்றின் பெயர் ‘முலாட்டா அழகிகளின் அரசி’ (முலாட்டா என்றால் கலப்பினப் பெண்), இன்னொன்று ‘தார்ப்பொம்மை’. வெள்ளை அழகே அழகு என்ற நினைப்பை உடைக்கத்தான் நடத்தினோம் என்பது அவர்கள் வாதம். இருக்கட்டும். பெண்ணின் உடலை மேடையேற்றித்தான் உடைக்க வேண்டுமா?

அதே இடத்தில் மரியா தி லூர்தெஸ் நாசிமெந்தோ என்ற பெண் இருந்தார், அன்று அப்தியாஸின் மனைவி, சமூகப் பணியாளர். 1948 முதல் 1950 வரை அரங்கம் நடத்திய ‘கிலோம்போ’ இதழில் பெண்களுக்கான பத்தி எழுதினார். வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு ஏன் இல்லை என்று கேட்டார். 1950இல் கறுப்பினப் பெண்களுக்கென்று தேசிய மன்றம் தொடங்கினார். வீட்டுப் பணியாளர்களுக்கு மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமான உரிமை தரும் அரசமைப்புத் திருத்தம் எப்போது வந்தது தெரியுமா? 2013. கீழவையில் அதற்கு அறிக்கையாளர் பெனெதிட்டா த சில்வா. ரியோவின் குடிசைப் பகுதியில் வளர்ந்து, ஒரு காலத்தில் தானே வீட்டு வேலை செய்தவர். 1982இல் நகராட்சி உறுப்பினர், 1986இல் கீழவை, 1994இல் செனட். ஒவ்வொரு முறையும் தன் பெயருக்கு விழுந்த வாக்கில், முன்வாசல் வழியாக.

மசோதாக்கள் காத்திருந்த கதையைச் சொல்லும்போது இந்தக் காத்திருப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்தியாஸின் 1983 மசோதா ஆணுக்கு 20, பெண்ணுக்கு 20 என்று தனித்தனியே பிரித்துக் கேட்டதே, அந்தப் பிரிப்பு 2014 சட்டத்தில் இல்லாமல் போய்விட்டது. அந்த வகையில் கிழவர் பின்னால் வந்தவர்களைவிட முன்னால் இருந்தார், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வாய்க்கால்மேடு:

கயல், இந்தப் பிரிப்பு எனக்கு இதுவரை உறைக்கவே இல்லை. முதல் பதிவில் எண்களை எழுதியவனே நான்தான்.

1946இல் நடந்ததையும் இங்கே வைக்கிறேன். கறுப்பினத்தவர் மாநாட்டின் கோரிக்கையை ஒட்டி, இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் திருத்தத்தை செனட்டர் ஹாமில்டன் நோகெய்ரா அரசமைப்பு அவையில் கொண்டுவந்தார். பாகுபாட்டுக்குத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை என்று தள்ளிவிட்டார்கள். எடுத்துக்காட்டு 1950இல் கிடைத்தது. கேத்தரின் டன்ஹாம் என்ற அமெரிக்கக் கறுப்பின நடனக் கலைஞருக்குச் சாவோ பாவ்லோ ஹோட்டல் ஒன்று அறை மறுத்தது. மறு ஆண்டே இனப்பாகுபாட்டைத் தண்டிக்கும் அஃபோன்சு அரினோஸ் சட்டம் வந்தது. உள்நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் எடுத்துக்காட்டுக் கணக்கில் வரவில்லை, வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் வந்தார். அந்தச் சட்டமும் இனப்பாகுபாட்டைச் சிறு குற்றமாகத்தான் வைத்தது. பிணையில்லாத, காலவரம்பில்லாத குற்றம் என்று ஆனது 1988 அரசமைப்பில்தான். அதற்கு உழைத்த கார்லோஸ் அல்பெர்த்தோ காவோ, அப்தியாஸின் கட்சிக்காரர். அந்த அவையில் அப்தியாஸ் இல்லை.

இளநிலை_மாணவன்:

ஐயா, அக்கா, எனக்கு அடிப்படைச் சந்தேகம். எல்லோரும் கலந்துவிட்ட நாட்டில் யார் கறுப்பினத்தவர் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? நம்மிடம் சாதிச் சான்றிதழ் இருக்கிறது. அங்கே?

கூத்துப்பட்டறை_ரசிகன்:

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்தாய். அங்கே சான்றிதழ் கிடையாது. வம்சம் பார்ப்பதில்லை, தோற்றம்தான் பார்க்கிறார்கள். நம் முறையை அங்கே பொருத்திப் பார்த்தால் குழம்பிப்போவாய்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து கட்டங்கள். வெள்ளை, கறுப்பு, ‘பார்டோ’ என்ற கலப்பு நிறம், மஞ்சள், பூர்வகுடி. 2022இல் பார்டோ 45.3 விழுக்காடு, வெள்ளை 43.5, கறுப்பு 10.2. கறுப்பையும் பார்டோவையும் ஒன்றாகக் கூட்டி, ‘நெக்ரோ’ என்ற ஒரே அரசியல் சொல்லின் கீழ் கொண்டுவந்தது இயக்கத்தின் வெற்றி. 1976இல் அரசின் கணக்கெடுப்பு ஒன்று உங்கள் நிறம் என்ன என்று திறந்த கேள்வி கேட்டபோது 130க்கும் மேற்பட்ட சொற்கள் வந்தன. கோதுமை, இலவங்கப்பட்டை, காப்பி என்று. கறுப்பு என்று சொல்ல நாக்கு கூசிய நாட்டில் இந்தக் கூட்டலுக்கு எத்தனை ஆண்டு பேசியிருக்க வேண்டும்!

தொல்லையும் அங்கேதான். பிரேசிலியா பல்கலைக்கழகம் 2004இல் ஒதுக்கீடு தொடங்கியபோது புகைப்படத்தைப் பார்த்து ஒரு குழு முடிவு செய்தது. 2007இல் ஒரே அச்சில் வார்த்த இரட்டையர் விண்ணப்பித்தார்கள். குழு ஒருவரைக் கறுப்பினத்தவர் என்றது, மற்றவரை இல்லை என்றது. நாடே சிரித்தது. பிறகு முடிவை மாற்றிக்கொண்டார்கள். இன்று நேரில் வரவழைத்துப் பார்க்கும் குழுக்கள் இருக்கின்றன. அவற்றின்மீதும் வழக்குக்குக் குறைவில்லை.

அரைப்படி:

பார்த்தீர்களா! இதைத்தான் சொல்கிறேன். இரட்டையரைப் பிரித்த முறையை எப்படி ஏற்பது?

கயல்:

காவலர்கள் தெருவில் யாரை நிறுத்துவது என்று எந்தப் புகைப்படக் குழுவையும் கேட்பதில்லை, அரைப்படி. அங்கே மட்டும் தடுமாற்றமே வருவதில்லை.

2012 ஏப்ரலில் பிரேசில் உச்ச நீதிமன்றம் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒதுக்கீடு செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த சட்டத்தைப் படியுங்கள். பாதி இடம் அரசுப் பள்ளியில் மேல்நிலை படித்தவர்களுக்கு. அதற்குள்தான் வருமானமும், அந்தந்த மாநில மக்கள்தொகை விகிதப்படி நிறமும். ஏழை வெள்ளையர்களும் உள்ளே வருகிறார்கள். வெறும் நிறக் கணக்கு என்று பேசுபவர்கள் சட்டத்தைத் திறந்தே பார்க்காதவர்கள்.

வாய்க்கால்மேடு:

நாடு கடந்திருந்த காலத்தையும் சொல்லிவிடுகிறேன். 1968இல் அமெரிக்கா போனார். அந்த டிசம்பரில் இராணுவ அரசு, நாடாளுமன்றத்தை மூடி உரிமைகளைப் பறித்த ஐந்தாம் நிறுவன ஆணையைப் போட்டுக் கதவுகளைச் சாத்தியது. பதின்மூன்று ஆண்டுகள் வெளியே. ஆங்கிலம் சரியாக வராத ஊரில் தூரிகை எடுத்து ஒரிஷா என்ற ஆப்பிரிக்க வழித் தெய்வங்களை வரைந்தார், பஃபலோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1977இல் நைஜீரியாவில் கறுப்பினக் கலைகளின் பெருவிழா. பிரேசில் அரசு தன் அதிகாரபூர்வக் குழுவை அனுப்பி எல்லா இனமும் இங்கே சமம் என்ற ‘இன ஜனநாயக’ப் பெருமை பேசிக்கொண்டிருந்தது. அப்தியாஸின் கட்டுரை ஏற்கப்படவில்லை. படி எடுத்து வந்தவர்கள் கையில் கொடுத்துவிட்டார். அதுதான் மறு ஆண்டு ‘பிரேசிலியக் கறுப்பினத்தவரின் இனப்படுகொலை’ என்ற நூலானது.

1978 ஜூலை 7 அன்று சாவோ பாவ்லோ நகராட்சி அரங்கின் படிக்கட்டில் ஒன்றுபட்ட கறுப்பின இயக்கம் பிறந்தபோது ஊர் வந்திருந்த அவரும் அந்தக் கூட்டத்தில் நின்றார். ஒரு தொழிலாளி காவலில் கொல்லப்பட்டதற்கும், கறுப்பினச் சிறுவர்களை விளையாட்டுக் கழகம் ஒன்று சேர்க்க மறுத்ததற்கும் எதிரான கூட்டம். 1945இல் ரியோ அரங்கின் மேடை, 1978இல் சாவோ பாவ்லோ அரங்கின் படிக்கட்டு.

செனட்டில் அவர் பேசத் தொடங்கும்போது ஓலோரும் என்ற யோருபா இறைவனைத் துணைக்கு அழைப்பார். காந்தோம்பிளே என்ற ஆப்பிரிக்க-பிரேசிலியச் சமயத்தின் வழிபாட்டு வீடுகளைக் காவல் துறை புகுந்து உடைத்த காலத்தைப் பார்த்தவர் அவர். அந்தச் சொல் செனட்டின் நடவடிக்கைக் குறிப்பில் அச்சாக வேண்டும் என்பதற்காகவே பேசினாரோ என்று எனக்குத் தோன்றும். மாற்று உறுப்பினர் பேசினாலும் குறிப்பில் ஏறும் அல்லவா?

அரைப்படி:

பக்கவாசலுக்கு இது ஒரு நல்ல பதில். முழுப் பதில் இல்லை. தோற்றவர் என்பதை மட்டும் திரும்பப் பெறுகிறேன். வென்றவர் என்றும் எழுத மாட்டேன்.

இளநிலை_மாணவன்:

சாவோ பாவ்லோ அக்கா, ஒரு கேள்வி. ஐந்து கட்டம் என்றார்களே, 2022 கணக்கெடுப்பில் உங்களை எந்தக் கட்டத்தில் போட்டார்கள்?

சாவோபாவ்லோ_தமிழ்:

நல்ல கேள்வி தம்பி. கணக்கெடுக்க வந்த பெண் என் கையைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். மஞ்சள் என்பது ஜப்பானியர், சீனர், கொரியருக்காம். நான் ‘இந்தியானா’ என்றேன். அவள் காதில் ‘இந்திஜெனா’ என்று விழுந்து, பூர்வகுடிக் கட்டத்துக்கு விரல் போய்விட்டது. அமேசானில் எந்த இனம் என்று கேட்டாள்! செங்கல்பட்டு என்றால் அவளுக்கு எப்படிப் புரியும்? கடைசியில் கட்டங்களைப் படித்துக் காட்டி, நீங்களே சொல்லுங்கள் அம்மா, விதி அப்படித்தான் என்றாள். பார்டா (பார்டோவின் பெண்பால்) என்றேன். உடனே அவளுக்கு நிம்மதி, எழுதிக்கொண்டாள்.

ஆகவே மேலே ரசிகர் எழுதிய 45.3 விழுக்காட்டுக்குள் நானும் இருக்கிறேன். போகும்போது அவள் எந்த மின்தூக்கியில் இறங்குவது என்று கேட்டாள். அவள் என்னைவிடக் கறுப்பு. ‘சோசியால்’ கதவைக் காட்டினேன். ஏறும் முன் ஒரு முறை காவலர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.